கேமராவுக்குப் பின்னால் – 11: கால்ஹூன் தெரு ஸ்டூடியோ

சோஜர்னர் ட்ரூத் தன் சின்ன உருவப்படங்களை விற்று, அந்தக் காசில் ஊர் ஊராகப் போய் அடிமை முறைக்கு எதிராகப் பேசியதைச் சென்ற பகுதியில் பார்த்தோம். படம் எடுத்தவர் பெயரில் காப்புரிமை பதிவாவதுதான் அன்றைய வழக்கம். ஆனால் 1864இல் வெளியான அவருடைய படங்களுக்கான உரிமை அவர் பெயரிலேயே பதிவானது. அடிமையாகப் பிறந்த ஒரு பெண், தன் முகம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்குச் சட்டப்படி பதில் வாங்கி வைத்துக்கொண்டார்.

கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்த கறுப்பினப் பெண்கள் சிலரையாவது வரலாறு நினைவில் வைத்திருக்கிறது. பின்னால் நின்றவர்கள் கதை வேறு. 1920ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், என்ன தொழில் என்று கேட்டபோது போட்டோகிராஃபர் என்று பதில் சொன்ன கறுப்பினப் பெண்கள் 101 பேர். கடை, இருட்டறை, வாடிக்கையாளர், வரவு செலவு எல்லாம் வைத்துப் பிழைத்த பெண்கள் இவர்கள். அடுத்த அறுபது ஆண்டுகளில் வந்த புகைப்பட வரலாற்று நூல்களைப் புரட்டினால் இவர்களில் ஒருவர் பெயர் கண்ணில் படுவதே அரிது.

எப்படி இத்தனை பேர் காணாமல் போனார்கள்? நிறவெறி என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதி வீட்டுக்குள் நடந்தது. கடைக்கு வைத்த பெயரில், திருமணத்தில், கணவரின் சாவில், வீடு மாறும்போது படம் பதிந்த கண்ணாடித் தகடுகளை என்ன செய்வது என்ற கேள்வியில் நடந்தது. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் வாழ்ந்த ஒரு பெண்ணைப் பின்தொடர்ந்தால் இது விளங்கும்.

எலீஸ் ஃபாரஸ்ட் 1891இல் அந்தத் துறைமுக நகரில் பிறந்தார். அடிமை முறை முடிந்த கையோடு, 1865இல், கறுப்பினப் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்ட ஏவரி பள்ளியில் படித்து 1910இல் வெளியே வந்தார். ஆசிரியராகத் தகுதி இருந்தது, சொந்த ஊரில் வேலை இல்லை. சார்ல்ஸ்டன் நகரத்து அரசுப் பள்ளிகளில், கறுப்பினக் குழந்தைகள் மட்டுமே படித்த பள்ளிகளிலும்கூட, கறுப்பின ஆசிரியர்களைச் சேர்க்க மாட்டார்கள். படித்த கறுப்பினப் பெண்கள் நகரத்தைத் தாண்டிக் கிராமத்துப் பள்ளிகளுக்குத்தான் போக வேண்டும். எலீஸும் போனார்.

1913 வாக்கில் எட்வின் ஹார்ல்ஸ்டன் அறிமுகமானார். எட்வின் ஓவியர். அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் பள்ளியில் ஓவியம் பயின்றவர். அவருடைய தந்தை கப்பல் ஓட்டி, பிறகு சவ அடக்க நிலையம் நடத்தியவர். ஊரில் அவரைக் கேப்டன் என்றே அழைப்பார்கள். ஓவியம் கற்ற மகன் ஊர் திரும்பி, பிணங்களைக் குளிப்பாட்டி அலங்கரிக்கும் குடும்பத் தொழிலில் உழன்றார். மிச்ச நேரத்தில் ஓவியமும் பொதுவாழ்வும். 1917இல் கறுப்பினத்தவரின் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யின் சார்ல்ஸ்டன் கிளை தொடங்கியபோது முதல் தலைவர் அவர்தான். நகரப் பள்ளிகளில் கறுப்பின ஆசிரியர்களை நியமிக்கக் கோரிக் கையெழுத்து இயக்கம் நடத்தி வென்றதும் அந்தக் கிளைதான். 1920இல் அந்தக் கதவு திறந்தது. எலீஸ் அதற்குள் வேறு வழியில் போயிருந்தார்.

எட்வின் மனத்தில் ஒரு திட்டம் இருந்தது. இருவரும் சேர்ந்து ஒரு ஸ்டூடியோ நடத்த வேண்டும்; அவர் வரைவார், எலீஸ் படமெடுப்பார். காதலியாக இருந்த பெண்ணை ஒரு தொழில் கற்கச் சொல்லி அனுப்பியது அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். எலீஸ் நியூயார்க் சென்று, எமில் புருனெல் நடத்திய புகைப்படப் பள்ளியில் 1919இல் சேர்ந்தார். 1920 செப்டம்பரில் திருமணம். அதோடு படிப்பு நின்றுவிடவில்லை. 1921இல் அலபாமாவின் டஸ்கீஜி கல்வி நிலையத்துக்குப் போய் சி.எம். பேட்டியிடம் மேற்கொண்டு பயின்றார். பேட்டி அந்தத் தலைமுறையின் மிகச் சிறந்த கறுப்பின உருவப்படக் கலைஞர்களில் ஒருவர். டஸ்கீஜியின் புகைப்படப் பிரிவை 1916 முதல் நடத்திவந்தவர். கல்யாணமான பெண் கணவரை ஊரில் விட்டுவிட்டு வேறு மாநிலத்தில் தங்கித் தொழில் படித்தார் என்பதை 1921ஆம் ஆண்டில் வைத்துப் பார்க்க வேண்டும்.

1922 வசந்தத்தில் கடை திறந்தது. 118, கால்ஹூன் தெரு. எதிரில் குடும்பத்தின் சவ அடக்க நிலையம். அதே தெருவில் எமானுவேல் தேவாலயம். 2015இல் வெள்ளை இனவெறியன் ஒருவன் உள்ளே புகுந்து நடத்திய படுகொலையால் உலகம் அறிந்த அதே கோயில். தெருவின் பெயரோ அடிமை முறைக்கு வரிந்துகட்டி வாதாடிய ஜான் கால்ஹூனுடையது. அருகிலிருந்த சதுக்கத்தில் உயரத் தூண் எழுப்பி அவருக்குச் சிலையும் வைத்திருந்தார்கள். அந்தச் சிலை 2020இல்தான் இறங்கியது. ஹார்ல்ஸ்டன் ஸ்டூடியோவுக்கு வந்தவர்கள் எல்லாம் அந்தச் சிலையின் பார்வையில் நடந்து வந்தவர்கள்தான்.

படமெடுப்பதற்காக ஏன் தங்கள் இனத்தவரின் கடையைத் தேடி வந்தார்கள்? வெள்ளையர் ஸ்டூடியோக்களில் மரியாதை கிடைக்காது என்பது ஒரு காரணம். இன்னொன்று தொழில்நுட்பம் சார்ந்தது. இதைப் பலரும் பேசுவதில்லை. அன்று பரவலாகப் புழங்கிய கண்ணாடித் தகடுகள் நீலத்தை வாரி ஏற்கும், சிவப்பை அநேகமாகக் கண்டுகொள்ளாது. பழுப்பு நிறத் தோலில் சிவப்பின் பங்கு அதிகம். எனவே நேரில் தெரிவதைவிட முகம் பல மடங்கு இருண்டு விழும். வெள்ளைத் தோலுக்குப் பழகிய கையால் அதே வெளிச்சத்தில் எடுத்தால் கண்ணும் பல்லும் மட்டும் மிஞ்சும். கறுப்பினத்தவரைக் கேலி செய்து அச்சிட்டு விற்ற தபால் அட்டைகளில் இருந்ததும் அந்த முகம்தான். கன்னத்தின் வளைவும் நெற்றியின் பளபளப்பும் தகட்டில் இறங்க வேண்டுமென்றால், ஜன்னல் வெளிச்சத்தை மாற்றி, நேரத்தைக் கூட்டி, எதிரில் இருப்பவரை அசையாமல் உட்காரச் சொல்ல வேண்டும். அந்த நேரம் முழுக்க அவர் முகம் கடுகடுக்காமல் இருக்கப் பேச்சுக் கொடுக்கவும் தெரிய வேண்டும். எலீஸ் தேர்ச்சி பெற்றது இந்த வேலையில்.

அதற்குப் பிறகு இருட்டறை. மருந்தில் கழுவிக் காயவைத்த தகட்டின் மேல் கூர்மையான பென்சிலால் டச்சிங், பிறகு பிரதி, அட்டையில் ஒட்டுதல். நாள் முழுக்க நின்று செய்யும் வேலை.

எலீஸ் எடுத்த படங்களில் ஒரு பகுதி வாடிக்கையாளர் கைக்குப் போனது. இன்னொரு பகுதி பக்கத்தில் நின்ற ஓவிய ஸ்டாண்டுக்குப் போனது. எட்வின் அவற்றைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் உருவப்படங்கள் தீட்டினார். வாரக்கணக்கில் வந்து உட்கார நேரமில்லாதவர்களுக்கு இது வசதி. தினமும் வண்ணப்பட ஆர்டர் வராத வீட்டுக்குப் புகைப்பட வருமானமும் வசதி. இன்று எட்வின் ஹார்ல்ஸ்டனின் ஓவியங்கள் சார்ல்ஸ்டனின் கிப்ஸ் அருங்காட்சியகத்தில் தொங்குகின்றன. அவற்றில் சிலவற்றிலாவது வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழ வேண்டும், தலை எவ்வளவு சாய வேண்டும் என்று முதலில் முடிவு செய்தவர் எலீஸ். ஓவியத்தின் கீழே கையெழுத்து ஒருவருடையது. அந்த முகத்தைப் பார்த்த கண்கள் இரண்டு பேருடையவை. அருங்காட்சியகப் பெயர்ப்பலகைகள் இதைச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

1931 வசந்தத்தில் கேப்டன் ஹார்ல்ஸ்டன் நிமோனியாவில் இறந்தார். சில வாரங்களில், அதே நோயில், எட்வினும் போனார். வயது 49. பொருளாதாரப் பெருவீழ்ச்சியின் நடுவில், தெற்கில், கறுப்பின விதவை ஒருத்தி தனியாக ஸ்டூடியோ நடத்த வழியில்லை. கடை மூடப்பட்டது. எலீஸ் சார்ல்ஸ்டனை விட்டார், மறுமணம் செய்துகொண்டார், கடைசியில் லாஸ் ஏஞ்சலஸில் குடியேறினார். 1970இல் இறக்கும்போது அவருக்கு 79 வயது. ஸ்டூடியோ இருந்தது ஒன்பது ஆண்டுகள். அது மூடிய பிறகு அவர் வாழ்ந்தது கிட்டத்தட்ட நாற்பது ஆண்டுகள்.

ஹார்ல்ஸ்டன் வீட்டில் வளர்ந்த, எட்வினின் சகோதரர் மகள் எட்வினா ஹார்ல்ஸ்டன் விட்லாக், குடும்பக் காகிதங்களைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தார். எட்வினும் எலீஸும் எழுதிக்கொண்ட கடிதங்கள் இன்று அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவை இல்லாவிட்டால் மேலே நான் எழுதியதில் பாதியை எழுத முடியாது.

ஒரு பெண் மட்டும் என்றால் துரதிருஷ்டம் என்று சொல்லிவிடலாம். அதே மாநிலத்தின் தலைநகரான கொலம்பியாவுக்குப் போவோம். ரிச்சர்ட் சாமுவேல் ராபர்ட்ஸ் அங்கே தபால் நிலையத்தில் துப்புரவு, பராமரிப்பு வேலை பார்த்தார். விடிகாலை நான்கு மணிக்குத் தொடங்கி நண்பகல் வரை வேலை. அதன் பிறகுதான் வாஷிங்டன் தெருவிலிருந்த தன் ஸ்டூடியோவுக்கு வர முடியும். அப்படியானால் காலை வேளையில் ஸ்டூடியோவில் இருந்தது யார்? அவர் மனைவி வில்ஹெல்மினா. கடை பார்த்துக்கொண்டதோடு படமெடுப்பதிலும் கைகொடுத்தவர். ராபர்ட்ஸ் 1936இல் இறந்தார். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, அவர்கள் வாழ்ந்த வீட்டின் தரைக்கு அடியில், தவழ்ந்து மட்டுமே போகக்கூடிய இடுக்கில், ஏறத்தாழ மூவாயிரம் கண்ணாடி நெகட்டிவ்கள் கிடைத்தன. அவற்றிலிருந்து தேர்ந்து 1986இல் ஒரு அருமையான புத்தகம் வந்தது. அட்டையில் ரிச்சர்டின் பெயர். அந்தத் தகடுகளில் எவற்றை வில்ஹெல்மினா எடுத்தார் என்று பிரித்துச் சொல்ல, தகட்டில் எந்த அடையாளமும் இல்லை.

அதே 1986இல் நியூயார்க்கில் இன்னொரு புத்தகம் வெளிவந்தது. 'வியூஃபைண்டர்ஸ்' என்பது தலைப்பு. கறுப்பினப் பெண் புகைப்படக் கலைஞர்களைப் பற்றி மட்டுமே எழுதப்பட்ட முன்னோடி நூல். எலீஸும் வில்ஹெல்மினாவும் தம் சொந்தப் பெயரில் இடம்பெற்றது அதில்தான். எழுதியவர் ஜீன் முத்துசாமி ஆஷ்.

பெயரைப் படித்ததும் நிமிர்ந்து உட்காருவீர்கள். சரிதான், நம் முத்துசாமியேதான், பிரெஞ்சு எழுத்துக்கூட்டில். 1854 முதல் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றி, கரீபியக் கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான குவாதலூப்புக்குக் கொண்டுபோனார்கள். பிறகு கல்கத்தாவிலிருந்தும் போனார்கள். 1880களின் இறுதி வரை போனவர்கள் சுமார் 42 ஆயிரம் பேர். ஜீனின் தந்தைவழி வேர் அந்தத் தீவில் இருக்கிறது. தந்தை ஜான் முத்துசாமி சிகாகோவின் கட்டடக் கலைஞர். 'எபனி', 'ஜெட்' என்ற கறுப்பின இதழ்களை நடத்திய ஜான்சன் பதிப்பகத்தின் மிச்சிகன் அவென்யூ மாளிகையை வடிவமைத்தவர். ஜீன் 1951இல் சிகாகோவில் பிறந்து, நியூயார்க்கின் கூப்பர் யூனியனில் புகைப்படம் படித்து 1975இல் பட்டம் பெற்றார். 1976இல் ஒரு நிதி திரட்டும் டென்னிஸ் விழாவுக்குக் கேமராவோடு போன இடத்தில், அதற்கு முந்தைய ஆண்டு விம்பிள்டன் வென்றிருந்த ஆர்தர் ஆஷைச் சந்தித்தார். சில மாதங்களில் திருமணம். உலகம் அவரை ஆஷின் மனைவியாகத்தான் அறிந்தது. மனைவி என்ற ஒற்றை அடையாளத்துக்குள் எத்தனை பேர் காணாமல் போயிருப்பார்கள் என்று தேடிக் கிளம்ப அவரைவிடப் பொருத்தமானவர் கிடைத்திருக்க மாட்டார்.

அவர் கையில் எடுத்த கருவிகள் கணக்கெடுப்புப் பதிவேடுகளும் நகர முகவரிக் கையேடுகளும். தெற்கத்திய நகரங்களின் பழைய கையேடுகளில் கறுப்பினத்தவரின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியோ அடைப்புக்குறிக்குள் ஒரு எழுத்தோ போட்டிருப்பார்கள். இவர் வீட்டுக்குப் போகாதே, இவர் கடையில் வாங்காதே என்று வெள்ளையருக்கு எச்சரிக்கை சொல்லும் முத்திரை அது. அவமதிக்கப் போட்ட அந்த முத்திரையைப் பிடித்துக்கொண்டுதான் ஆய்வாளர்கள் நூறாண்டு பின்னால் நடந்து இந்தப் பெண்களைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் பதிவேட்டையும் முழுக்க நம்ப முடியாது. கணவரோடு சேர்ந்து கடை நடத்திய மனைவிக்குத் தொழில் எதுவும் இல்லை என்று எழுதிவிட்டுப் போவது கணக்கெடுப்பாளர்களின் பழக்கம். ஆகவே 101 என்ற எண், உள்ளதைவிடக் குறைவாகவே இருக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

அந்த 101 பேரில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக்கு ஒரே ஒருவர்தான். ஃப்ளோரஸ்டீன் பெரோ. கிரியோல் கத்தோலிக்கக் குடும்பத்தின் மூத்த பெண், 1895இல் பிறந்தவர். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுக் குடும்பத்துக்குச் சம்பாதிக்கப் போனார். பதினான்கு வயதில் புகைப்படத் தொழிலில் கால் வைத்தார். வெள்ளையர் ஸ்டூடியோவில் கறுப்பினப் பெண்ணைச் சேர்க்க மாட்டார்கள். ஃப்ளோரஸ்டீன் நிறத்தில் வெளுப்பு. எனவே வெள்ளைக்காரப் பெண்ணாகக் காட்டிக்கொண்டு தொழில் கற்றார். ரயிலில் வெள்ளையர் பெட்டியில் அமர்ந்ததற்காக ஹோமர் பிளெசி கைதானது இந்த ஊர் மண்ணில்தான்; அந்த வழக்கில்தான் 1896இல் உச்ச நீதிமன்றம் நிறப் பிரிவினை சட்டப்படி செல்லும் என்றது. மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று தெரிந்தே தினமும் வேலைக்குப் போய்வந்தார் அந்தப் பெண்.

1920இல் தன் வீட்டு முன்னறையிலேயே ஸ்டூடியோ தொடங்கினார். அங்கே வெள்ளை வேடம் தேவைப்படவில்லை. முதல் கணவர் எய்லர்ட் பெர்ட்ராண்ட் கண்டிப்பானவர். மனைவி வெளியே போய் வேலை செய்வதில் அவருக்கு விருப்பமில்லை. வீட்டில் ஸ்டூடியோ என்பது அந்தத் தடைக்கு ஃப்ளோரஸ்டீன் கண்ட வழி. பிறகு கடை வளர்ந்து, கறுப்பினத்தவரின் வணிக வீதியான சவுத் ராம்பார்ட் தெருவுக்கு 1934இல் இடம் மாறியது. தன் பத்திரிகை விளம்பரங்களில் தன் படத்தையே போடுவார். குழந்தையைப் படமெடுக்கப் பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று தெரிந்தால் தாய்மார்கள் வருவார்கள் என்ற கணக்கு. வந்தார்கள். முதல் நற்கருணை வாங்கிய வெள்ளை உடுப்புச் சிறுமிகள், பள்ளி முடித்தவர்கள், மணமக்கள், இரண்டாம் உலகப் போருக்குப் புறப்பட்ட சிப்பாய்கள் என்று ஊரே அந்தக் கேமரா முன்னால் வந்து நின்றது. 1949இல் ஓய்வு பெற்றுக் கலிஃபோர்னியா போனார், 1975இல் ஊர் திரும்பினார், 1988இல் இறந்தார்.

தொழிலில் இருந்த காலத்திலேயே அவருடைய குடும்பப் பெயர் பெரோ, பெர்ட்ராண்ட், கோலின்ஸ் என்று மூன்று ஆனது. மணமுறிவும் மறுமணமும் தந்த மாற்றங்கள். ஆவணங்களில் தேடும் ஒருவர் மூன்றும் ஒரே ஆள் என்று அறியாவிட்டால் மூன்று துண்டுகளாகவே கிடைப்பார். அவரை ஒரே ஆளாகச் சேர்த்து எழுதியவர் உறவுக்காரப் பெண்ணான வரலாற்றாசிரியர் ஆர்தே ஆண்டனி. புத்தகம் 2012இல் வந்தது. எட்வினா கடிதங்களைக் காத்தார், ஆர்தே புத்தகம் எழுதினார். பல்கலைக்கழகங்களும் அருங்காட்சியகங்களும் செய்யத் தவறியதை வீட்டுப் பெண்கள் செய்திருக்கிறார்கள். இதில் பெருமைப்படுவதா கோபப்படுவதா என்றால் எனக்குக் கோபம்தான் முந்துகிறது. சொல்லிக்கொள்ள உறவுக்காரர் இல்லாத மற்ற பெண்களின் தகடுகள் என்ன ஆகியிருக்கும்? சுத்தம் செய்தால் ஜன்னலுக்கும் உதவும் கண்ணாடி அது. குப்பைக்குப் போகாதது, தோட்டத்துக் கண்ணாடிக் கூரைக்குப் போயிருக்கலாம்.

ஃப்ளோரஸ்டீன் கடையை மூடுவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1946இல், டெக்சஸ் மாநிலத்தின் ஹூஸ்டனில் இன்னொரு கடை திறந்தது. உரிமையாளர் லூயிஸ் மார்ட்டின். பதினொரு வயதில் கேமரா கையில் வாங்கியவர். தெற்கத்தியப் பல்கலைக்கழகங்கள் சேர்க்காததால் டென்வர் வரை போய்ப் புகைப்படத்தில் பட்டம் பெற்று வந்தவர். கறுப்பின மக்கள் வாழ்ந்த தேர்ட் வார்டு பகுதியில் 'லூயிஸ் மார்ட்டின் ஆர்ட் ஸ்டூடியோ' என்று தன் முழுப் பெயரையும் பலகையில் எழுதி வைத்தார். திருமணங்களும் குடும்பப் படங்களும் எடுத்துக்கொண்டிருந்த அவர், 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங்கின் இறுதி ஊர்வலத்தைப் படமெடுக்க அட்லாண்டா போனார். ஸ்டூடியோவிலிருந்து தெருவுக்கு வந்த கறுப்பினப் பெண்களின் கதையை அவரிலிருந்து தொடங்கலாம்.

(தொடரும்)